காலை போணிக்கு ஒரு க்ளிக்

2008 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. விளம்பரம் போட்டதிலிருந்து நேற்று வரை விழுந்த க்ளிக் நானூற்றுப் பன்னிரண்டு. இதில் எத்தனை உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருவிடந்தையில் உன் மாமா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கீழே உன் அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பெயர்கூட இன்னும் முடிவாகவில்லை. ஒரு மாதக் குழந்தைக்குக் கடிதம் எழுதுகிறவனைக் கிறுக்கன் என்று நினைக்காதே. இது நீ வளர்ந்து, வேலைக்குப் போய், சம்பாதித்து, யாரோ ஒருவர் உன் முன்னால் ஒரு வரைபடத்தை விரித்து "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று சொல்லும் வயதில் படிப்பதற்காக. உன் அப்பா இருபத்தொன்பது வயதில் எவ்வளவு குழம்பிப் போயிருந்தான் என்று தெரிந்தால் அப்போது உனக்கு உதவலாம். உதவாவிட்டாலும் நஷ்டமில்லை. இதை என் வலைப்பதிவில் போடப் போகிறேன், முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள். வலது ஓரத்தில் விளம்பரங்கள் வந்து நிற்கும். குழந்தை என்று எழுதிவிட்டேன் அல்லவா, பால் பவுடர் வரும். கல்யாணம் என்று எழுதினால் வரன் தேடித் தரும் தளம் வரும். நீ படிக்கும் காலத்தில் இது ஒழிந்திருக்குமா, இல்லை இன்னும் கிட்டத்தில் வந்து நிற்குமா, அதுவும் தெரியவில்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. விஷயம் இதுதான். நாளை காலை பத்து மணிக்கு என் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி என்னை இரண்டு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. என்னை மட்டும்தான். நீயும் உன் அம்மாவும் இங்கேதான் இருக்க வேண்டும். நான் திரும்பி வரும்போது நீ வாசல் வரை ஓடி வந்து, யாரோ புது ஆள் என்று என்னைப் பார்த்து அழுவாய். போகாமல் இருக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. வேலையை விட்டுவிட்டு, உன் மாமா ஏழுமலையோடு சேர்ந்து அவருடைய தங்குமிடத்தைப் பெரிதாக நடத்துவது. அது சோறு போடும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி, அதற்காக நான் போட்ட இணைய விளம்பரத்தின் க்ளிக் வரைபடத்தில் வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு. நேற்று காலை வரை அதை நம்பினேன். ராஜினாமா மெயில்கூட எழுதி வைத்துவிட்டேன். நேற்று ஒன்பதரை மணிக்கு அந்தக் கோட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் உனக்கு இந்த விளம்பரம் என்கிற சமாச்சாரம் எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் போன நாட்களில் விளம்பரம் சுவரில் இருந்தது, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனது, காலை பேப்பருக்குள் நோட்டீஸாகச் செருகி வந்தது. புதிதாக ஒரு பாத்திரக் கடை திறந்தால் எங்கள் வீட்டுக்கும் அதே நோட்டீஸ், எதிர்வீட்டு டாக்டருக்கும் அதே நோட்டீஸ். வேண்டாம் என்றால் மடித்து ஆடும் மேசைக்குக் காலடியில் கொடுக்கலாம். ஒரு ஆளைக் குறிவைத்து, உன்னைத்தான் என்று கூப்பிடுகிற விளம்பரத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரிக் கடைசி வருடத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில். பரீட்சை முடிவு பார்க்கப் போயிருந்தேன். உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னை நம்பாமல் கூடவே வந்திருந்தார். பக்கம் திறப்பதற்குள் திரையின் மேலே ஒரு பட்டை பளிச் பளிச்சென்று மின்னியது. வாழ்த்துகள், நீங்கள்தான் எங்கள் பத்து லட்சமாவது பார்வையாளர் என்று இங்கிலீஷில். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"யார்றா இவன்? நமக்கு எதுக்கு வாழ்த்து சொல்றான்?"

"அது விளம்பரம்பா. விடு."

"எப்டிடா விடறது? பாஸானதுகூட இன்னும் தெரியல, அதுக்குள்ள ஒருத்தன் வாழ்த்து சொல்றான். மூஞ்சத் திருப்பிக்கினா நம்மள இன்னா நெனப்பான்? ஒரு தேங்க்ஸ் சொல்லிடு."

நான் தடுப்பதற்குள் மவுஸைப் பிடுங்கி அமுக்கிவிட்டார். பட்டை மறைந்தது. அதற்குப் பதில் ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல்கள் திறந்துகொண்டே போயின. சூதாட்டம், கடிகாரம், சொட்டைத் தலைக்கு எண்ணெய். சென்டர்காரர் ஓடி வந்து மெஷினையே அணைத்தார். "சார், கண்டதயும் தொட்டு பேஜார் பண்ணாதீங்க சார்" என்றார். அப்பா எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "கூப்டவன் ஒருத்தன், வந்தவன் ஒம்போது பேரு. இன்னா மரியாத இது" என்றார். ரிசல்ட் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்தோம். மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன், பாஸ்.

இதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அதே சென்டரில், அதே மாதிரி மின்னிய இன்னொரு பட்டைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. சென்னையில் ஒரு கம்பெனி, சனிக்கிழமை நேராக வந்தால் இன்டர்வியூ என்று போட்டிருந்தது. எங்களுக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. என் அப்பா சொன்னால் கேட்கிற மேலதிகாரி எவரும் கிடையாது. அந்தப் பட்டைக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை, என்ன தெரு என்று தெரியாது, கவலையும் இல்லை. கணினி படித்தவன் ஒருவன் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறான், அவனுக்குக் காட்டு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இப்போது என்னை அமெரிக்கா போகச் சொல்கிற கம்பெனி அதுதான். அப்பாவை அவமானப்படுத்தியதும் எனக்குச் சோறு போட்டதும் ஒரே சாமானா என்று கேட்டால், ஆமாம். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இன்னொன்று உன் சம்பந்தப்பட்டது. நீ வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம், டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் குழந்தை எடை குறைவாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார். 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நானும் உன் அம்மா செல்வியும் கூடுவாஞ்சேரி வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் நண்பன் ஒருவனுக்கு மட்டும் மெயில் எழுதினேன். அனுப்பி முடித்தேன், பக்கத்தில் விளம்பரம்: அழகான தொட்டில்கள், இன்றே வாங்குங்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் படுக்கையறைக்குள் ஒருவன் நின்று கேட்டுவிட்டு, கடைக்கு ஓடிப்போய்ச் சரக்கோடு வந்த மாதிரி இருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மெயிலில் இருக்கும் வார்த்தைகளை ஒரு நிரல் படிக்கிறது, அதற்குப் பொருந்துகிற விளம்பரத்தை எடுத்து வைக்கிறது, ஆள் எவரும் இல்லை. தெரிந்தும் கணினியை அறைந்து மூடினேன். உன் அம்மா "இன்னா ஆச்சி, குடுங்க" என்று வாங்கித் திறந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தாய்மார்கள் எழுதும் ஒரு தளம். அதைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தாள். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, அவளுக்கும் ஏழாம் மாதம் டாக்டர் 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னாராம். இப்போது பையன் வீட்டுச் சுவரையெல்லாம் கிறுக்கிவைக்கிறானாம். உன் அம்மா அன்றைக்குத்தான் இரண்டு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். நீ நன்றாகப் பிறந்தாய். என்னை அறைந்ததும் அவளைத் தேற்றியதும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு வரிகள். இந்த இயந்திரத்துக்கு நன்றி சொல்வதா, இதன் மேல் கேஸ் போடுவதா?

இப்போது உன் மாமா. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இந்த வீட்டில் மாடி எடுத்து, நான்கு அறைகளை யாத்ரீகர்களுக்கு விட ஆரம்பித்தார். இந்த ஊர்ப் பெருமாள் கோயில் உனக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வந்து, சாமிக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி, அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக அதே மாலையோடு திரும்ப வந்து சுற்ற வேண்டும். ஆகவே எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கல்யாணக் கவலையோடு வருகிறவர்கள், அல்லது கவலை தீர்ந்து வருகிறவர்கள். முந்தின நாளே வந்து தங்கி, காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போக ஒரு இடம் வேண்டும். இதை இணையத்தில் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் வடிவமைத்தேன். தேடுபொறியில் விளம்பரம் போட்டேன். யாராவது விளம்பரத்தை க்ளிக் செய்தால் மட்டும் நாம் காசு கொடுத்தால் போதும், சும்மா பார்த்தவர்களுக்குக் கிடையாது. எந்தெந்த வார்த்தைகளைத் தேடினால், எந்தெந்த வார்த்தைகள் ஒரு பக்கத்தில் இருந்தால் நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாமே பட்டியல் கொடுக்கலாம். திருமணத் தடை, வரன் அமையவில்லை, நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது, இதற்கெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள், எல்லாம் கொடுத்தேன். புத்திசாலித்தனமான பட்டியல் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

க்ளிக்குகள் வந்தன. உன் மாமா ஃபோன் செய்து "மச்சான், ரூம் ரொம்பினுகீது, இன்னா மாயம் பண்ண?" என்றார். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டை மனதுக்குள் நீட்டிப் பார்த்தேன். இப்படியே போனால் பக்கத்து மனையில் இன்னும் எட்டு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம். கம்பெனி அமெரிக்கா என்று சொன்ன அன்றைக்கு நான் அதிரவே இல்லை. என்னிடம் கோடு இருந்தது.

நேற்று சனிக்கிழமை. உன்னைப் பார்க்க வந்தவன், உனக்கு வேண்டிய துணிமணி வாங்க உன் மாமாவின் பைக்கில் மாமல்லபுரம் போனேன். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் பைக்கை ஒரு பிரவுசிங் சென்டர் முன்னால் நிறுத்தினார்.

"ஒரு அஞ்சு நிமிசம் மச்சான். போணி பண்ணிட்டு வந்துடறேன்."

"இங்க இன்னா போணி?"

"வா, நீயும் வந்து பாரு. உன் வேலதான."

உள்ளே பூ விற்கிற கஸ்தூரி அக்கா, கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஒரு கணினி முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சென்டர் பையன் ஏற்கனவே திருவிடந்தை அறை என்று தேடி, எங்கள் விளம்பரத்தை வரவழைத்து வைத்திருந்தான். "இன்னிக்கி அக்கா கையா? நடக்கட்டும்" என்றான்.

"இத்த ஒரு தபா அமுக்கனா போதுமா, ரெண்டு தபாவா?" என்றார் கஸ்தூரி அக்கா.

"ஒரு தபாதான்கா. நெனச்சிகினு அமுக்கு" என்றார் உன் மாமா. அக்கா கண்ணை மூடித் திறந்து, மவுஸை அமுக்கினார். எங்கள் பக்கம் திறந்தது. உன் மாமா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் சத்தம் வராமல் கேட்டேன். "மச்சான், இத்த தெனமும் பண்றியா?"

"பின்ன? போணி ஆவாம கதவத் தொறப்பாங்களா? மொத க்ளிக்கு ராசியான கையில வுழணும். அக்கா கை வெச்சா அன்னிக்கி மூணு ரூமாச்சும் போவுது. அக்காவுக்கு முடியலன்னா கோவளத்துல நம்ம டெய்லர் பண்ணுவான். கூடுவாஞ்சேரி காலேஜ்ல நம்ம சித்தப்பா பையன்கீறான் இல்ல, அவன் ஆஸ்டல் பசங்களுக்கு சொல்லிகீறான். படாளத்துல பெரியம்மா வூட்ல கம்ப்யூட்டர் வாங்கிகீறாங்க, அவுங்களும் காலையில ஒண்ணு போடுவாங்க. எல்லாம் நம்ம ஜனம், ஒத்தாச பண்றாங்க."

ஒரே கணினியிலிருந்து திரும்பத் திரும்ப விழும் க்ளிக்கை விளம்பரக் கம்பெனியே கண்டுபிடித்துக் கழித்துவிடும். அதற்கு நிரல் இருக்கிறது. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்கிறவனைப் பிடிக்கத்தான் அந்த நிரல். பக்தியோடு ஆளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று போடுகிறவர்களைப் பிடிக்க யாரும் எழுதி வைக்கவில்லை.

"மச்சான், ஒவ்வொரு க்ளிக்குக்கும் என் கார்டுல இருந்து டப்பு போவுது."

"தெரியுமே. நீதான சொன்ன, க்ளிக் பண்ணா காசுன்னு."

"நமக்கு வராது. நாமதான் குடுக்கணும்."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இவ்ளோ நாளா பாத்தவன் பூரா நாமதானா?"

அந்தக் கேள்விக்குத்தான் நேற்றிலிருந்து பதில் தேடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அறிக்கைகளைப் பிரித்துப் போட்டேன். ஊர் வாரியாகப் பார்த்தால் எல்லாமே சென்னை என்று காட்டுகிறது. நேரம் வாரியாகப் பார்த்தால் காலையில் கொஞ்சம் அதிகம். ஆனால் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்ததும் தேடுகிறவர்களும் காலையில்தான் தேடுவார்கள். எது ஜனம், எது நம்ம ஜனம் என்று பிரிக்க வழியே இல்லை. சரி, க்ளிக் பொய்யாகவே இருக்கட்டும், அறைகள் நிஜமாக நிரம்புகின்றனவே, அது எப்படி? மாடியில் தங்கியிருந்த ஒருவரிடம் கேட்டேன். படாளம் பக்கத்து விவசாயி, தங்கைக்காக வேண்டிக்கொள்ள வந்தவர். எங்களை எப்படித் தெரியும் என்றேன்.

"ரோட்ல போர்டு வெச்சிகீறீங்களே. இன்டர்நெட்டில் விளம்பரம் கண்ட தங்குமிடம்னு. அத்தப் பாத்துதான் வந்தோம்."

"நீங்க இன்டர்நெட் பாப்பீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? ஒலகம் பூரா பாக்குற எடத்துல பேரப் போட்டுகீறான், நம்மள ஏமாத்த மாட்டான்னு ஒரு நம்பிக்க."

போய்ப் பார்த்தேன். ஆளுயரப் போர்டு, மஞ்சளில் சிவப்பு எழுத்து. உன் மாமா என்னிடம் சொல்லாமலேயே வைத்திருக்கிறார். ஆக, என் விளம்பரத்தை உறவுக்காரர்கள் மட்டும் பார்க்கிறார்கள். விளம்பரம் இருக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அப்படியானால் என் விளம்பரம் வேலை செய்கிறதா, இல்லையா? நான் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்குமிடத்து ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். தாம்பரத்திலிருந்து ஒருவர்.

"யாருங்க இந்த விளம்பரம் போட்டது?"

"நான்தாங்க."

"எங்க தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணி நின்னுபோச்சு. பிரெண்டுக்கு மெயில் எழுதி அழுதுகினுகீது. பக்கத்துலயே உங்க விளம்பரம், கல்யாணம் தடைபடுதா, வாங்கன்னு நிக்குது. எங்க வூட்டு விசயம் உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. அது மெஷின்."

"மெஷினுக்கு யாரு சொன்னது?"

நான்தான் சொன்னேன். பட்டியல் போட்டு, வார்த்தை வார்த்தையாக. வாயில் சோறு இருந்தது. உன் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனைப் பிடுங்கினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மச்சான் படிச்சவன், அவனுக்கு வெவரம் பத்தல. தங்கச்சிகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. கோயிலுக்கு வர்றதுன்னா வரட்டும், வாணாம்னா சும்மா வந்து கடலப் பாத்துட்டுப் போவட்டும். எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி." அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். அரை மணி கழித்து அதே நபர் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு அறை கிடைக்குமா, தங்கச்சியே கேட்கச் சொன்னாள் என்றார். நானூற்றுப் பன்னிரண்டில் நிஜமாக விளம்பரம் பார்த்துத்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒன்று இதுதான். அதுவும், குத்தின இடத்திலிருந்து வந்தது. இதை வெற்றி என்று எழுதுவதா? அவள் வந்து மாலை போட்டுச் சுற்றி, நல்லபடியாகத் திரும்பினால் நான் செய்தது சரியாகிவிடுமா? தெரியவில்லை.

இன்று காலை நாஸ்தா நேரத்தில் இதையெல்லாம் உன் அம்மாவிடம் கொட்டினேன். அவள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். கடைசியில் நான் முடிவாகச் சொன்னேன்: க்ளிக் பொய்யென்றால் தொழில் பொய், தொழில் பொய்யென்றால் வேலையை விட முடியாது, வேலையை விட முடியாதென்றால் அமெரிக்கா போகத்தான் வேண்டும்.

"அப்போ எங்கண்ணன் அமுக்கலன்னா நீங்க இங்க இருப்பீங்க. அமுக்கனா அமெரிக்கா போயிடுவீங்க. நல்லாகீது ஞாயம்" என்றாள்.

"கணக்கு அப்படித்தான் வருது செல்வி."

"கணக்க வுடுங்க. உங்களுக்குப் போவணுமா, வாணாமா?"

"வாணாம்."

"அப்பால இன்னா?"

"வாணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணாமா?"

அவள் உன்னைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நீ கொட்டாவி விட்டாய். அது காரணமா, இல்லையா என்று உன்னிடம் கேட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை, ஆனாலும் அப்பன் கடிதம் என்றால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். யாராவது உனக்கு ஒரு எண்ணிக்கையைக் காட்டினால், அதில் உன் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று கேள். பார்க்கிறவர்கள் கூட்டம் என்று தோன்றும்போது, நம்மைப் பிடித்தவர்கள் நாலு பேர் திரும்பத் திரும்ப வந்து போய்க்கொண்டிருக்கலாம். அது கேவலமில்லை, ஆனால் அதை ஊர் என்று நினைத்து வீடு கட்டாதே. உன் மனசில் இருப்பதைப் படித்தது போல ஒரு விளம்பரம் வந்து நின்றால் பயப்படாதே. அதற்கு உன்னைத் தெரியாது, உன் வார்த்தைகளை மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த வார்த்தைகளை எங்கோ ஒருவன் உட்கார்ந்து பட்டியல் போட்டிருப்பான், அவனுக்கும் வீட்டில் குழந்தை இருக்கும், அவனும் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருப்பான். கோபப்படு. அவனுக்கு ஃபோன் போட்டுக் கேள். கேட்ட பிறகு உனக்குப் பயன்படுமென்றால் எடுத்துக்கொள், அதற்காக வெட்கப்படாதே. இந்த இரண்டில் எது சரி என்று என்னிடம் கேட்காதே. வேலை கொடுத்த பட்டையையும் தொட்டில் விற்ற வரியையும் ஒரே தராசில் வைக்க இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், முள் நிற்கவே இல்லை.

மணி ஒன்று ஆகப்போகிறது. கீழே நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அடுத்து நான் செய்யப் போவது:

1. இன்றைக்கே விளம்பரத்தை நிறுத்துவேன், பதினைந்து நாளைக்கு. அதன் பிறகும் அறைகள் நிரம்பினால் என்ன அர்த்தம், நிரம்பாவிட்டால் என்ன அர்த்தம் என்று இப்போதே யோசிக்க மாட்டேன்.

2. மறுபடி போடுவதாக இருந்தால், பட்டியலில் இருந்து 'நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது' என்பதையும் அந்த மாதிரி வார்த்தைகள் அத்தனையையும் எடுப்பேன். வருகிறவர்கள் குறைந்தால் குறையட்டும்.

3. உன் மாமாவுக்கு நம் பக்கத்தின் முகவரியை எழுதித் தருவேன். நேராக அடித்துத் திறந்தால் காசு போகாது, போணியும் ஆகும். கஸ்தூரி அக்காவுக்கு நானே போய்ச் சொல்லித் தருவேன். அவர் கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்ய உன் அம்மாவை அனுப்புவேன்.

4. ரோட்டில் இருக்கும் போர்டைத் தொட மாட்டேன்.

5. வெள்ளிக்கிழமை தாம்பரத்திலிருந்து வரும் பெண்ணிடம், விளம்பரம் போட்டவன் நான்தான் என்று சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

6. ராஜினாமா மெயிலை அழிப்பேன்.

7. நாளை பத்து மணிக்கு முன்னால் மேனேஜருக்கு எழுதுவேன்: நான் அமெரிக்கா போகவில்லை, இங்கே என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன். ஏன் என்று கேட்பார். எந்த முடிவைச் சொன்னாலும் கூடவே ஒரு வரைபடம் இணைத்து அனுப்புவது என் வழக்கம். நாளைய மெயிலில் இணைப்பு எதுவும் இருக்காது.